உருட்டிப் பார்த்தல்

உவர்மலை ஏற்றத்தில் இரண்டாம் கியரில்
திணறாமல் ஏறுகிற எதுவும் அழகு,
பத்தொன்பது வயதில்.

பற்றிக்கின் சீ.டி. நூற்றியிருபத்தைந்து
அப்போதே ஐந்து கை மாறி வந்திருந்தது.
தாங்கியின் ஒரு பக்கத்தில் முகம் பார்க்கலாம்,
மறுபக்கம் பட்டி பூசிய தழும்பு.
நான் முகம் தெரிகிற பக்கமாகச் சுற்றி வந்துதான் ஏறுவேன்.
கடற்கரை வீதியில் சத்தம் எங்களுக்கு முன்னால் ஓடும்,
நாங்கள் அதைத் துரத்துவோம்.

அந்தச் சத்தமே பிறகு ஆகாமல் போனது.

எம்.டி. நைன்ரி ஒன்று வாங்கினேன்,
தபால்காரச் சிவப்பு.
விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை,
சாவடியில் கேட்டதெல்லாம் செசி இலக்கம்.
இருபது யார் முன்னே எஞ்சினை நிறுத்து,
இறங்கு, தொப்பியைக் கழற்று, உருட்டு.
மணல்மூட்டைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து
ஒரு கையில் அடையாள அட்டை,
மறு கையில் ஹாண்டில்.
அந்த வருடங்களில் நான் ஓட்டியதைவிட
உருட்டிய தூரம் கூட.
தள்ளினால் முனகாமல் வரும் வண்டி எது,
எது கழுதை,
எல்லாம் அப்போது உள்ளங்கைக்குத் தெரியும்.
கிண்ணியாப் பாதையில் ஏற்றி
முன்பிரேக்கை இறுகப் பிடித்தபடி நிற்கையில்
அது ஒரு பிள்ளையைப்போல் முழங்காலில் சாயும்.

சாவடிகள் ஒவ்வொன்றாய்க் கழன்ற வருடம்
லீசிங்காரர்கள் வந்தார்கள்.
முப்பத்தொன்பது வயதில்
பத்தொன்பதைத் திரும்ப வாங்கினேன்,
நாற்பத்தெட்டுத் தவணையில்.
கறுப்புப் பல்சர்.
ஜவுபர் சைலன்சரின் குடலை உருவித் தந்தான்,
"இப்ப நிலாவெளியில எடுத்தா
கோணேசர் மலையில கேக்கும்" என்றான்.
கேட்டிருக்கும்.
புல்மோட்டை வரைக்கும் ஒரே மூச்சில் போய்
ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு
சும்மா திரும்பி வந்தேன், எத்தனையோ ஞாயிறு.

பஸ் நிலையத்தடியில்
பொலித்தீன் மென்றபடி நின்ற புள்ளிமான்
ஒரு மழை இரவில் குறுக்கே வந்தது.
காறை எலும்பு போய், தோளில் கட்டோடு கிடந்த என்னிடம்
சுகிர்தா சொன்னது இவ்வளவுதான்:
"மானுக்கு ஒண்டுமில்லையாம்."

அதற்கும் நான் திருந்தவில்லை.
திருத்தியது பெற்றோல் வரிசை.
அநுராதபுரச் சந்தியிலிருந்து வளைந்த வரிசையில்
இரண்டு பகல், ஓர் இரவு,
கை நீளம் கை நீளமாக உருட்டினேன்.
பல்சர் தள்ளுவதற்குச் செய்த வண்டியல்ல.
எனக்குப் பின்னால் ஸ்கூட்டியில் ஒரு பெண், வங்கிச் சீருடை.
பொம்பிளையளின்ர வண்டி என்று
நான் எத்தனை தரம் சிரித்த வண்டி.
காலால் உந்தி உந்தி, இறங்காமலே,
புத்தகம் வாசித்துக்கொண்டு வந்தாள்.
"உங்கட எவ்வளவு குடிக்கும், அண்ணை?"
சொன்னேன், ஐந்து கிலோமீற்றர் கூட்டி.
மாரி பிஸ்கட் இரண்டு தந்தாள்.

பற்றிக் மெல்பேர்னிலிருந்து படம் அனுப்புகிறான்.
ஆயிரத்து இருநூறு சீ.சீ., பளபளவென்று.
ஞாயிறுகளில் மட்டும் வெளியே எடுப்பானாம்,
மழை இல்லாவிட்டால்.

போன வாரம் மத்திய வீதிக் கடையில்
சாம்பல் நிற ஸ்கூட்டர் ஒன்றைச் சுற்றி வந்தேன்.
இருந்து பார்த்தேன்,
இரண்டு குதிக்காலும் நிலத்தில் பட்டது.
"ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ, அங்கிள்."
"கொஞ்சம் உருட்டிப் பாக்கலாமோ, தம்பி?"
அவன் சிரித்தான். அவன் பிறந்ததே
சாவடிகள் போன பிறகாய் இருக்கும்.
ஓடு பதித்த தரையில் கதவு வரைக்கும் தள்ளிப்போய்
திருப்பிக் கொண்டுவந்தேன்.
முனகவில்லை.
ஆனாலும் அன்று வாங்கவில்லை.

இரவில் சிலவேளை
உவர்மலை ஏற்றத்தில் ஒரு பழைய சீ.டி. ஏறும்.
யாருடையதென்று தெரியாது.
நான் மூச்சைப் பிடித்துக் கேட்பேன்,
இரண்டாம் கியர், வளைவு, மறுபடி இரண்டு.
"என்ன?" என்பாள் சுகிர்தா, கண் திறக்காமல்.

"செயின் தளர்ந்திருக்கு" என்பேன்.