றன்னகரம்

மூன்று விரல் நுழைய வேண்டுமாம் வாய்க்குள்.
எனக்கு ஒன்றரை.
டாக்டர் ஹுவாங் கன்னத்தில் கை வைத்து
திற என்கிறார், மூடு என்கிறார்.
காதுக்கு முன்னால் ஒரு டக்.
எங்கள் புளோக் மின்தூக்கி
ஐந்தாம் மாடியில் தளத்தோடு சேராமல் நிற்கும்போது
இதே சத்தம்தான்.
அதற்கு நகர மன்றத்துக்கு எழுதலாம்.

என்ன வேலை?
நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்.
ஓ, என்று எழுதிக்கொள்கிறார்.
எவ்வளவு தாராளமான ஓ.
அவர் வாயில் நாலு விரல் போகும்.

பத்தொன்பது வருடமாக
கூண்டில் நிற்பவர் நான் என்றால்
நானும் நான் என்பேன். அதுதான் விதி.
செவ்வாயன்று நான் கேலாங்கில் ஒருவரைத் தள்ளினேன்.
புதனன்று தேக்காவில் ஒரு கைப்பேசியை எடுத்தேன்,
பதினோரு மணிக்கு மனம் வருந்தினேன்.
ஊரில் அம்மா, ஐயா,
அவருக்கு நான் ஒரே மகன் என்றேன்,
சேலை கட்டிய நான்.
யாரும் சிரிக்கவில்லை.

இரவில் நடப்பது எனக்குத் தெரியாது.
குணசீலன் பதிவுசெய்து போட்டுக்காட்டினார்:
யாரோ ஐஸ் கச்சாங்குக்குப் பனிக்கட்டி சீவுகிறார்கள்
விடாமல், நாற்பது பேருக்கு.
இது நானா?
சாட்சி தலையாட்டினார்.
மகன் தேசிய சேவையில்,
வாரநாளில் அவன் கட்டில் காலி.
காதும் காதும் வைத்த மாதிரி
தலையணையோடு அங்கே போய்விடுகிறார்.
காலையில் தே கலக்கி வைப்பார்.
அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அப்புறம் இடது காது.
ரயில் கதவு மூடப்போகும் ஒலி,
கதவு மட்டும் மூடுவதில்லை.
மருத்துவமனையில் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றாள் நூர்ஹயாத்தி.
அழுத்தினேன். அழுத்தினேன்.
இன்னும் தொடங்கவே இல்லை அக்கா, என்றாள்
மலாயில், மெதுவாக.

குணமாகுமா? பழகும், என்றார்கள்.

பழக்குகிறேன்.
மின்விசிறி இரண்டில்.
ஒன்றில் வைத்தால் காது ஜெயிக்கிறது,
மூன்றில் வைத்தால் தாடை குளிர்கிறது.
வெந்நீரில் பிழிந்த துண்டு, பத்து நிமிடம்.
தீபாவளி முறுக்கைத் தேநீரில் ஊறப்போட்டேன்,
மாமியார் பார்க்காதது போல் பார்த்தார்.
பல்லைக் கடிச்சுக்கிட்டு இரும்மா, சரியாயிடும்,
என்றார் ஜூரோங்கிலிருந்து பத்மலோசனி அண்ணி.
அதைத்தான் அண்ணி
செய்துகொண்டிருக்கிறேன்.

பயிற்சி சொல்லித்தரும் பையன் சொல்கிறான்:
உதடு சேரட்டும், பல் சேர வேண்டாம்.
'என்' என்று அந்த எழுத்தைச் சொல்லுங்கள்,
நாக்கு நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.
அவர்களுக்கு அது ஒன்று.
எங்களிடம் மூன்று இருக்கிறது, தம்பி.
தந்நகரம் பல்லைத் தொடுகிறது, ஆகாது.
டண்ணகரம் மடங்கி மேலே போய்விடுகிறது.
றன்னகரம்.
மேல்பல்லுக்குப் பின்னால், ஈறு மேடேறும் இடம்.
நாக்கை அங்கே வைத்ததும்
கீழ்த்தாடை தானாக இறங்கியது
பள்ளிப் பையை வாசலில் போடுகிற பிள்ளை மாதிரி.

கிளமெண்டி ரயிலில், மூடிய வாய்க்குள் பழகினேன்.
'ன்'னில் முடிகிற சொல் வேண்டும்.
மீன். தேன். வான்.
பிறகு அது வந்தது.
பல்லில் தொடங்கி, ஒரு தடவை திறந்து,
போய் மேட்டில் நிற்கிறது.
நான்.
யார் சொன்னதற்கும் அல்ல.
எதிரே இருந்தவர் கைப்பேசியிலிருந்து நிமிரவில்லை.
பதிவேட்டில் ஏறாது.

நீலப் பெட்டியிலிருந்து பல்காப்பை எடுத்து மாட்டுகிறேன்.
அதைப் போட்டால் சகரம் வழுக்குகிறது,
யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது, நல்லது.
விசிறி இரண்டில்.
காது அதன் பாட்டுக்கு.
அடுத்த அறையில் குணசீலன் புரண்டு படுக்கிறார்.
அவர் கதவு ஒருக்களித்தே இருக்கிறது.
எத்தனை நாளாக என்று
கேட்க வாயெடுத்து,
'ன்'னில் நிற்கிறேன்.