பதினோரு இடங்கள்

இலிங்கா தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்:
பதினோரு இடங்கள், ஒரே பகல்.
சோங்கோரின் காரில் ஏசி போன வருடமே செத்துவிட்டது.
சிபியு நகருக்குள் நுழையும்போது
நான்கு முதுகும் இருக்கையோடு ஒட்டியிருந்தன,
உரித்துக்கொண்டுதான் இறங்கினோம்.

ஜூலை வெயில் பெரிய சதுக்கத்தின் கல்லில் விழுந்து
திரும்பி எழுந்து தாடைக்கு அடியில் அறைந்தது.
தரையிலிருந்து பீய்ச்சும் நீரில்
யார் வீட்டுப் பிள்ளைகளோ கூச்சலிட்டு ஓட,
வரலாற்றுப் பலகையின் நிழல் ஒருவருக்குத்தான் போதும் என்று
முறைவைத்து நின்று படித்தோம்.
இரண்டாம் ஆள் படித்து முடிப்பதற்குள்
முதல் ஆளுக்கு நூற்றாண்டு மறந்துவிட்டது.

தேவாலயத்துக்குள் குளிர்ச்சி இருந்தது.
பக்தி என்று நினைத்த காவலாளி
நெடுநேரம் எங்களை எழுப்பவில்லை.

இந்த ஊரின் கூரைகளுக்குக் கண்கள் உண்டு,
ஓடுகளுக்கு நடுவே இமை பாதி மூடிய சாளரங்கள்.
தூங்குகிறதா, வேவு பார்க்கிறதா என்றேன்.
மதியச் சாப்பாடு முடிந்த என் மேலாளர் என்றான் சோங்கோர்.

கோபுரப் படிகளை நால்வரும் எண்ணினோம்,
நான்கு விடை வந்தது.
மேலே காற்று அடித்தது, டிக்கெட் காசு அதற்கே சரி.
தெற்கே மலைகள், உச்சியில் கொஞ்சம் பனி, அல்லது மேகம்.
திபேரியு மலையைப் படம் எடுக்கவில்லை.
எங்களை எடுத்தான், காலையிலிருந்தே,
தண்ணீர் குடிக்கும்போது,
செருப்பு வார் குதிகாலை அறுத்ததை
நான் குனிந்து பார்க்கும்போது.
கதவுகளை மட்டுமே எடுப்பவன் அவன்.
பன்னிரண்டு கோடைகள், எத்தனை ஊர்க் கதவுகள்.

நான்காவது இடம் இரும்புப் பாலம்.
கீழே ஆறு இல்லை, தெரு ஒன்று சரிந்து போகிறது.
மேலே நின்று பொய் சொன்னால் இடிந்துவிடும் என்பது ஊர்ப்பேச்சு.
பூத்தொட்டிகளில் தேனீக்கள்,
கைப்பிடியைத் தொட்டால் சுட்டது.
ஆளுக்கொரு பொய், என்றாள் இலிங்கா,
பார்த்துவிடலாம்.

"நடப்பதென்றால் எனக்கு உயிர்."
சோங்கோருக்குப் பாலம் அசையவில்லை.
"இந்தப் பட்டியலைச் சும்மா விளையாட்டுக்குத்தான் எழுதினேன்."
ஐஸ்கிரீம் வழிய வழிய ஒரு வயதான தம்பதி
நின்று திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.
திபேரியு கைப்பிடியில் விரலால் தாளமிட்டபடி
"அடுத்த கோடையும் வருவேன்" என்றான்.

சிரிப்பு பாதி தூரம் போய்விட்டிருந்தது,
சோங்கோர்தான் முதலில் நிறுத்தினான்.
கீழே யாரோ பெட்டியை இழுத்துப் போகும் சத்தம்,
கல்லுக்குக் கல், கல்லுக்குக் கல்.
கேட்டிருக்கலாம்.
வேலையா, உடம்புக்கா, வேறு நாடா,
எங்கள் மேலேயே சலிப்பா.
அடுத்து என் முறை.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவனும்.
"எனக்கு எதுவும் புரியவில்லை" என்றேன்.

இரும்பு அதையும் பொறுத்துக்கொண்டது.

ஐந்தாவது இடத்துக்கு யாரும் வழி கேட்கவில்லை.
படிக்கட்டுச் சந்தில் இறங்கினோம்,
தலைக்கு மேல் செங்கல் வளைவுகள், ஈரச் சுவர்,
எங்களைப் பொருட்படுத்தாத பூனை.
உப்புத் தூவிய வளைய ரொட்டியை நான்காகப் பிய்த்து
பெரிய துண்டு யாருக்கென்ற பழைய சண்டையைப்
போட்டுப் பார்த்தோம், சூடு பிடிக்கவில்லை.
இலிங்கா ஒரு கிலோ செர்ரி வாங்கினாள்.
கொட்டைகளைத் துப்ப
அவளே அந்தத் தாளை நீட்டினாள்.
பார்க்காத ஏழு இடங்களும் சிவந்து ஊறின.

காருக்கு வந்தால் கண்ணாடியில் அபராதச் சீட்டு.
சோங்கோர் ருமேனிய மொழியில் வைதான்,
ஆத்திரம் தீராமல் ஹங்கேரியிலும்.
நால்வரும் பங்கிட்டோம்.
திபேரியுவிடம் கொஞ்சம் குறைந்தது.
"மீதியை அடுத்த தடவை தருகிறேன்" என்றான்,
பின்கதவைச் சாத்தியபடி.

பாலத்தை விட்டு இறங்கி
அப்போது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.