மீ இஷ்டம்

ஐப்பசி அடைமழை.
கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று
ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு போனது மாலையில்.
இருட்டுவதற்குள் பள்ளிப்பட்டுத் தரைப்பாலத்தில்
கொசஸ்தலை இடுப்பளவு.
அதைத் தாண்டித்தான்
நகரிப் பக்கத்துத் தறிக்காரன் வெங்கடமுனி
டிராக்டரில் அவளைக் கொண்டுவந்தான்.
பிள்ளை வீட்டிலேயே பிறந்துவிட்டது.
ரத்தம்தான் நிற்கவில்லை.

என்னிடம் இருந்தது ஒரு பை ரத்தம்,
கொஞ்சம் கெட்டமைன்,
நர்ஸ் தில்லைக்கரசி, அவள் பிடித்திருந்த டார்ச்.
மயக்க மருந்து டாக்டர் திருத்தணியில்.
போனை எடுத்தார்.
"ரெஃபர் பண்ணிடுங்க மேடம்" என்றார்.
நல்ல மனிதர். என் நன்மைக்காகத்தான் சொன்னார்.

ரெஃபர்.
எழுத இரண்டு விநாடி.
நேரம் போட்டுக் கையெழுத்திட்டு
நூற்றியெட்டில் ஏற்றியிருந்தால்
ஆற்றுக்கு இந்தப் பக்கமே முடிந்திருப்பாள்.
கேஸ் ஷீட் சுத்தமாக இருந்திருக்கும்.
சாலையின்மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை.

கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரலாம் என்றேன்
வெங்கடமுனியிடம், தமிழில், பிறகு கையால்.
"மீ இஷ்டம்மா" என்றான்.
தமிழ்ப் படிவத்தின் அடியில்
இழை முடிவதுபோல்
ஒவ்வோர் எழுத்தாக வளைத்து மூடினான்.
நாலு இருபதுக்கு அவள் நாடி
மறுபடி என் விரலுக்குத் தட்டுப்பட்டது.
அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

பதினான்கு மாதம் கழித்துத் திருவள்ளூரில்
நுகர்வோர் ஆணையத்தின் மர நாற்காலி.
"மீ இஷ்டம் என்றால் என்ன, டாக்டர்?"
"உங்கள் இஷ்டம்."
"ஆக, எடுத்தது உங்கள் இஷ்டம்."
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
டைப் செய்பவர் அதையும் டைப் செய்தார்.

சாமியிடம் சொல்கிறோம் அந்தச் சொல்லை.
விலை படியாத கடைக்காரனிடம் சொல்கிறோம்.
சண்டையின் கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு
உள்ளேயிருந்து சொல்கிறோம்.
அந்த ராத்திரி அவன் எதைச் சொன்னான்
என்பதை எந்த மொழிபெயர்ப்பாளரிடம் கேட்பது?
தறியை அடகு வைத்து வழக்குப் போட்டவன்
என்னைப் பார்க்காமல்
செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது பெஞ்சில் பூலட்சுமி.
மடியில் அந்தப் பெண் குழந்தை
அவள் வளையலை ஒவ்வொன்றாக முழங்கைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

அவர்கள் வக்கீலும் கேட்கவில்லை.
என் வக்கீலும், நல்ல வேளை என்பதுபோல், தொடவில்லை.
டிராக்டரிலிருந்து இறக்கும்போது
பூலட்சுமிக்கு நினைவு இருந்தது.
என் கோட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தாள்.
பதினொரு நிமிடம்.
நான் அவள் தலைக்கு மேலாக
அவள் புருஷனோடு பேசிக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு தள்ளிவைப்பு.

போன வியாழக்கிழமை
பொதட்டூர்ப்பேட்டையிலிருந்து இன்னொருத்தி.
இந்த முறை குனிந்தேன்.
எனக்குத் தெரிந்த அரைத் தெலுங்கில்
அவளிடமே கேட்டேன்.
அவள் கூரையைப் பார்த்தாள்.
ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி
உதடு அசைந்தது.
யோசிக்கட்டும் என்று நின்றேன்.
கட்டிலுக்குக் கீழே வாளியில்
விழும் சத்தம் மாறிக்கொண்டே வந்தது.
"மேடம்" என்றாள் தில்லைக்கரசி.
"மேடம்."