பழைய எண், புதிய எண்

சிம்மக்கல்லில் ஒரு ரத்த வங்கி.
இரண்டாம் மாடியில் சர்வர் அறை.
செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்க என்பார் வாட்ச்மேன் சோலைமலை.
உள்ளே சாமி இல்லை,
தூசுக்குப் பயம்.

மூன்று வாரமாக ஒரே புகார்:
ஸ்லாட் ஏழு, நினைவகப் பிழை.
பெரிய பிழை இல்லை. எங்கோ ஒரு பிட் புரண்டு விழும்,
யாரும் பார்க்குமுன் இயந்திரமே நிமிர்த்தி வைத்துவிடும்.
ஆனால் எண்ணிக்கொண்டே இருக்கும்:
ராத்திரி பதினாறு, விடிவதற்குள் நூற்றிப்பத்து.
எண்ணுவதும், வரம்பு தாண்டினால்
ஆளைக் காட்டிக்கொடுப்பதும்தான்
நான் எழுதிய மென்பொருளின் வேலை.

எனக்கு முன் வந்தவர் சாந்தாராம்.
நான்கு முறை ஏழாம் ஸ்லாட்டைத் திறந்து
நான்கு முறை புது ரேம் மாட்டினார்.
பிடுங்கியவற்றை டிராயரில் போட்டு
மேலே மார்க்கரில் எழுதினார்:
கெட்டது.
கெட்டது.
கெட்டது.
நான்காவதில் கை அழுந்தியிருக்கிறது: சுத்தமா கெட்டது.
நாலு பேர் சீரியல் எண்ணையும் தடைப் பட்டியலில் ஏற்றினார்,
இனி எந்த இயந்திரத்தில் செருகினாலும் சேர்க்காதே என்று.

அவர் மேல் தப்பில்லை.
மென்பொருள் ஏழு என்றது,
அவர் பலகையில் ஏழைத் தேடினார்.
பலகையில் அச்சடித்தவன் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறான்,
நான் பூஜ்யத்திலிருந்து.
மேல மாசி வீதியில் வீடு தேடி அலைந்தவருக்குத் தெரியும்:
கதவில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று,
கூரியர் பையன் கையில் இருப்பது வேறொன்று.

நள்ளிரவுக்கு மேல் டீ வாங்க இறங்கினேன்.
ஃப்ரீசர் முன்னால் ஜெசிந்தா பைகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள்.
என் கதையைக் கேட்டுச் சிரித்தாள்:
'தட்டு நம்பரை வச்சா ரத்தம் குடுப்போம்?
பை எந்தத் தட்டுக்குப் போனாலும்
ஸ்டிக்கர் கூடவே போகுதுல்ல.'

ரேமுக்கும் உண்டு.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் எள்ளளவு சில்லு,
தயாரித்த நாளிலேயே எழுதிய பெயரோடு.
கேட்டால் சொல்லும்.
நான் கேட்கும்படி எழுதவில்லை.

இரண்டு மணிக்கு இயந்திரத்தை அணைத்தேன்.
இருபது நிமிடம் வங்கி கோடு போட்ட நோட்டில் ஓடியது.
அதற்குள் உசிலம்பட்டி ஆம்புலன்ஸ் ஒன்று,
ஓ நெகட்டிவ், இரண்டு பை;
ஜெசிந்தா பேனாவில் எழுதிக் கையெழுத்து வாங்கினாள்.
யாரும் தொடாத எட்டாவதை எடுத்து இரண்டில் போட்டேன்,
இரண்டாவதை எட்டில்.
குற்றம் இடத்திலா ஆளிலா என்று அறிய
இதைவிட நேரான வழி இல்லை.

காத்திருந்தேன்.
கோரிப்பாளையம் பக்கமிருந்து பாங்கு கேட்டு ஓய்ந்தது.
முதல் பிழை.
இடம்: இரண்டு.
ஆள்: மூணு எஃப் ஒன்பது சி, நாலு பூஜ்யம் ஏ ஏழு.
மூன்று வாரமாக அடுத்த வீட்டுக்காரனை மாற்றி மாற்றிப் பிடித்திருக்கிறோம்.

மென்பொருளைத் திருத்தினேன்.
இனி அது பலகையில் இருக்கும் எண்ணைத்தான் சொல்லும்,
பெயரையும் சேர்த்துச் சொல்லும்,
வீடு மாறினால் கணக்கும் பின்னாலேயே போகும்.

அப்புறம் டிராயரைத் திறந்தேன்.
மார்க்கர் எழுத்தை ஸ்பிரிட் தொட்டு அழித்து
ஒவ்வொரு எண்ணாகப் பட்டியலிலிருந்து எடுத்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவது இல்லை.
சோலைமலை தலையைச் சொறிந்தார்:
'போன வாரம் ஒயர், பேட்டரியெல்லாம்
கீழவாசல் காயலான் கடைக்குப் போச்சும்மா.
கெட்டதுன்னு எழுதியிருந்துச்சே.'

இந்த ஊருக்கு இது புதிதில்லை,
தீர்ப்பைத் திருத்தும்போது ஆள் இருப்பதில்லை.

அதன் எண்ணையும் எடுத்துவிட்டேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்
முதலில் 'குற்றமில்லை' என்று அடித்தேன்,
அழித்துவிட்டு
'என் பிழை' என்று போட்டேன்.
நிலை என்ற இடத்தில் மட்டும்
இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது:
காணவில்லை.