சூலூர்பேட்டை லோக்கல்

லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் நான்.
வாரத்தில் ஆறு நாள் மேலும் கீழுமாய்ப் போய்வருகிறவனுக்கு
ஒரு ஞாயிறு பக்கவாட்டில் கிடைத்தது.
மூர்மார்க்கெட்டில் ஏறினோம்.
சன்னலோரம் நான், எதிரே சைலஜா,
நடுவில் எலுமிச்சைச் சோறும்
அவள் முதலாளியிடம் இரவல் வாங்கிய பைனாகுலரும்.
அதில் ஒரு கண்தான் தெரியும்.

எண்ணூர் சாம்பலாய்ப் போனது.
மீஞ்சூரில் ஏறிய பூக்காரி
காலிக் கூடையில் தலைசாய்த்துத் தூங்கினாள்.
பொன்னேரி தாண்டியதும் மாடி இல்லாத வீடுகள்,
என்னைக் கூப்பிட அவசியமே இல்லாத ஊர்கள்.

ஆரம்பாக்கத்துக்கு அப்புறம்
செல்போன் ஒருமுறை துடித்து
ஆந்திரத்துக்கு நல்வரவு என்றது.
அதே வேலிகாத்தான், அதே வெயில்,
பலகையில் எழுத்து மட்டும் உருண்டுகொண்டது.

தடாவில் பாதிப் பெட்டி காலி.
அருவிக்குப் போகிற பையன்கள்,
முதுகில் பை, கையில் பிரியாணிப் பொட்டலம்.
"வரலியாண்ணே? காட்டுக்குள்ள கொஞ்சம் நடக்கணும், அவ்ளோதான்."
ஒரு நாளில் ஒன்றுதான் வாய்க்கும், காடு அல்லது ஏரி.
சைலஜா ஏரி என்றாள்.
அவளுக்கு முழங்கால் வலி இருப்பது
அப்போதுதான் எனக்குத் தெரியும்.

சூலூர்பேட்டையில் ஓர் ஆட்டோ.
கண்ணாடியில் இருந்த பெயரை அவளே எழுத்துக்கூட்டினாள்,
பெஞ்சலய்யா.
பிறகு அவனோடு பேசத் தொடங்கினாள்.

ஏழு வருஷத்தில் நான் கேட்டிராத குரல்.
கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவோடு போனில்
தணித்துப் பேசுகிற அந்தத் தெலுங்கு
இங்கே ரோட்டில் இறங்கிக் கைவீசி நடந்தது.
பேரம் பேசியது.
ஒரு கெட்டவார்த்தைகூடச் சொன்னது,
அவன் சிரித்த விதத்தில் தெரிந்துகொண்டேன்.

ஏரியை நடுவே பிளந்து போகிறது ரோடு.
இரு பக்கமும் தண்ணீர் பின்வாங்கி
சேற்றில் உப்பு பூத்திருந்தது.
பூநாரை எங்கே என்றதற்குப் பெஞ்சலய்யா வடக்கே கைகாட்டினான்.
வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு.
பறவையா, கானலா, யாரோ காயப்போட்ட வலையா?
பறவைதான் என்றான்.
அதற்கும் சேர்த்துத்தானே வாடகை.

சாலையோரம் இறால் கூடையோடு ஒருத்தி.
சைலஜா அவளிடம் "எந்த?" என்றாள்.
எந்த இறால் என்று கேட்கிறாளாக்கும் என
பெரிதாய் ஒன்றை நான் தொட்டுக் காட்டினேன்.
இருவரும் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தார்கள்.
எந்த என்றால் எவ்வளவாம்.

கூடைக்காரி அவளையும் விடவில்லை.
உன் தெலுங்கில் அரவ வாடை அடிக்கிறது என்றாளாம்.
எனக்குச் சொல்லிவிட்டுச் சைலஜாவும் சிரித்தாள்.
ராயபுரத்தில் அவளைக் கொல்ட்டி என்பார்கள்.
சிரிப்பு கொஞ்சம் சீக்கிரம் முடிந்தது.
பைனாகுலரை அவளிடம் நீட்டினேன்,
கொடுக்க வேறொன்றும் இல்லை.
தெரியாத கண்ணை வைத்தே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்கால வண்டி.
தடாவில் அதே பையன்கள், ஈரத் தலை,
முட்டியில் சிராய்ப்பு, ஒருவனுக்கு ஒற்றைச் செருப்பு.
அவர்களோடு ஏறிய காட்டின் வாசனை
கவரைப்பேட்டைவரை தாக்குப்பிடித்தது,
பிறகு எங்கள் இறால் ஜெயித்தது.
பையில் ஐஸ் உருகி ஒரு கோடாய் இறங்கி
வண்டியின் ஆட்டத்துக்கு
அந்தப் பக்கம் போயிற்று, இந்தப் பக்கம் வந்தது.

அந்தக் கெட்டவார்த்தை என்ன என்று கேட்டேன்.
சொன்னாள். திரும்பச் சொல் என்றாள்.
என் வாயில் அது சரியாய் விழவில்லை.
மூன்று தடவை திருத்தினாள்,
எதிர் சீட்டுக்காரர் பேப்பரை இறக்கும்வரை.

பேசின் பிரிட்ஜில் வண்டி வழக்கம்போல நின்றது.
செல்போன் துடித்தது.
அண்ணா நகரில் ஓர் அடுக்ககம்,
நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே யாரோ.
கதவை நெம்ப வேண்டாம், வருகிறேன் என்று
போனை வைத்ததும் சொன்னேன்.
இப்போ சரியா வந்துச்சு என்றாள் சைலஜா.