வியாழக்கிழமைப் புழுதி

மெம்ஃபிஸில், ரயிலடிக்குப் பின்தெருவில்
கெஸ்லரின் மருந்துக்கடை. பின்கட்டில் நான்
முகப்பவுடரில் சிவப்புச் சாயம் கலந்து
பொட்டலம் கட்டுவேன்: காதல் தூள், பத்து சென்ட்.
மஞ்சள் சாயம் கலந்தால் பணத் தூள்.
ஒன்றும் கலக்காவிட்டால் அமைதித் தூள்.

ஸில்ஃபியா துணி வெளுப்பவள்.
நகரத்துக் கனவான்களின் சட்டைக் கழுத்தெல்லாம்
அவள் கொப்பரையில் வெந்தவை.
போன வாரம் வாங்கியதைத் திருப்பி மேசையில் வைத்தாள்.
"இது பூசிக்கொள்வது, லெமியூல்.
எனக்கு வேண்டியது மெல்வது."

அவள் மகன் ஆர்டிஸ் சிறையில் இருந்தான்.
செய்த குற்றம்: செவ்வாய்க்கிழமை மதியம்
வேலையில்லாமல் தெருமுனையில் நின்றது.
கால்விலங்கோடு ஓராண்டு
சாலை போட வேண்டியிருக்கும் என்றார்கள்.

மேல்தட்டுச் சாடியில் சித்தரத்தை இருந்தது,
தேயிலைப் பெட்டிகளோடு கீழைக்கடல் தாண்டி வந்தது,
தொண்டைக்கட்டுக்கு விற்போம்.
ஒரு துண்டை எடுத்துக் கணுவை நெருடினாள். முகர்ந்தாள்.
"காங்கோவில் எங்கள் ஆட்கள் மென்றது வேறு வேர்.
கப்பலில் எதைக் கொண்டுவர விட்டார்கள்?
மெல்லத் தெரிந்த வாய் வந்தது, அவ்வளவுதான்.
இங்கே சதுப்பில் சாக்டாக்காரர்கள் ஒரு கிழங்கைக் காட்டினார்கள்.
இப்போது உன் முதலாளியின் சாடி.
இதுவும் உறைக்கிறது. போதும்."

காசை எண்ணிவிட்டு வாசலைப் பார்த்தாள்.
"நீதிபதி சுருட்டு வாங்க இங்கேதான் வருவாராமே?"
"வியாழன், நாலு மணி."
"போன பிறகு பெருக்காதே."

மழை காணாத மாதம்.
இடது குதிகால் தேய்ந்த பூட்ஸ் தடம்
வாசல் புழுதியில் அச்சடித்தாற்போல் கிடந்தது.
ஸில்ஃபியா கரண்டியோடு வந்தாள்.
விரலிலிருந்து குதிகாலுக்கு வழித்தாள்.
வரவைக்க ஒரு திசை, விரட்ட ஒரு திசை;
எது எதற்கென்று நான் கேட்கவில்லை.
நீலப் புட்டியில் அந்தப் புழுதி, ஒன்பது ஊசி,
கல்லறை மண் ஒரு சிட்டிகை.
மண்ணுக்கு விலையாகச் செத்தவனின் தலைமாட்டில்
ஒரு காசு வைத்துவிட்டு வந்தாளாம்.
"கேட்காமல் எடுப்பது வேறு ஆட்களின் வழக்கம்."

மற்றதை நான் பார்க்கவில்லை.
நீதிமன்றம் கூட்டுகிற டோபயஸ் சொன்னது:
விடியுமுன்னே படியில் நின்று மென்று துப்பினாள்,
ஆற்றுக்கு முதுகைக் காட்டிப் புட்டியை எறிந்தாள்,
திரும்பாமல் நடந்தாள்.

பத்து மணிக்கு நீதிபதி டகர்ட் வாயைத் திறந்தார்.
காற்றுதான் வந்தது.
வழக்கு மூன்று வாரம் தள்ளிப்போனது.
அதற்குள் பிடித்த காவலர் வேலை மாறி வடக்கே போய்விட்டார்.
ஆர்டிஸ் வீட்டுக்கு வந்து
பூட்ஸைக் கழற்றாமல் இரண்டு நாள் தூங்கினான்.

குளிர்காற்று, சுருட்டு, வயது என்கிறார் கெஸ்லர்.
இருக்கலாம்.
தூள் கலக்கிறவன் நான், எளிதில் எதையும் நம்பமாட்டேன்.

அன்று மாலை நீதிபதி கடைக்கு வந்து
தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.
அதே சாடியில் கைவிட்டு
ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தேன்.
மென்றார். முகம் சுளித்தார். ஐந்து சென்ட்.

அவர் போனதும் துடைப்பத்தை எடுத்தேன்.
வாசல்வரை போனேன்.
பிறகு அதைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.