பராமரிப்புப் பதிவேடு

திபிலிசியில், எங்கள் க்ல்தானிக் குடியிருப்பில்
லிஃப்டுக்கு உண்டியல் உண்டு.
ஏறப் பத்துத் தெத்ரி.
இறங்கக் காசு வேண்டாம்.
அந்த உண்டியலைத் திறந்து எண்ணுபவன் நான்.
கம்பிக்கு மசகு போடுபவனும்
இரண்டு மாடிக்கு நடுவே சிக்கியவர்களிடம்
கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பவனும் நானே.
மூச்சு முட்டுகிறது என்பவர்களுக்கு
என்னிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது:
"இங்கேதான் இருக்கிறேன், கயிறு அறாது."

ஒன்பதாம் மாடியில், என் வீட்டில்
அது பலிக்கவில்லை.

மக்வாலாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.
சலோமே பாட்டை முணுமுணுத்தால் குற்றம்,
நிறுத்திவிட்டால்
"ஏன், என்னைப் பார்த்தால் பயமா?"
உப்பு கூடிய சூப்பு, நான் கதவு சாத்திய விதம்,
நான் சாத்தாமல் விட்ட விதம்.
பிறகு ஒரு காலையில் ரத்தம் வரும்.
தலைக்குக் குளித்துவிட்டுச் சமையலறைக்கு வருவாள்.
"நேற்று நான் என்ன சொன்னேன், ஓத்தார்?
வேண்டாம், சொல்லாதே."

பதிவேட்டின் கடைசித் தாளில்
பென்சிலால் புள்ளி வைக்க ஆரம்பித்தேன்.
ஏழு மாதம்.
பழுதுக்கு ஒரு முறை இருந்தால்
காரணம் கண்டுபிடித்துவிடலாம் என்பது தொழில் பாடம்.
முறை இருந்தது. பத்து நாள், சில மாதம் பன்னிரண்டு.
கண்டுபிடித்துவிட்டேன் என்று
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

புள்ளி இல்லாத நாட்களைத்தான்
நான் பார்க்கவில்லை.
அந்த நாட்களில் அவள் கத்தவில்லை, அவ்வளவுதான்.
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
முடியைச் சீவச் சீப்பை எடுத்து
மடியில் வைத்தபடி மதியம்வரை உட்கார்ந்திருந்தாள்.
மருத்துவர் என்றால்
"பைத்தியம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வரவா?"
இன்னொரு பிள்ளை பெற்றால் எல்லாம் சரியாகும் என்று
குத்தாயிசியிலிருந்து அவள் அம்மா போனில்.

என் தம்பிக்குக் கடன் கொடுத்ததை மறைத்தேன்.
கேட்டாள். நியாயமான கேள்வி.
நான் நாள்காட்டியைப் பார்த்தேன்.
பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது
மேசையில் பதிவேடு திறந்து கிடந்தது.
தட்டை எறிவாள் என்று நினைத்தேன்.
கண்ணாடி போட்டுக்கொண்டு
கணக்குச் சரிபார்ப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"மார்ச் ஒன்பது. 'தட்டு உடைந்தது' என்று போட்டிருக்கிறாய்.
சரி, உடைத்தேன்.
பதினேழில் ஒன்றுமே இல்லை.
அன்று நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.
பால்கனிக் கதவைத் திறந்து
குளிர் விறைக்கும் வரை நின்றேன்.
எதிர்க் கட்டடத்தில் யாரோ துணி எடுக்க வந்தார்கள்.
வெட்கமாக இருந்தது. உள்ளே வந்தேன்.
அதற்குப் புள்ளி எங்கே?"

பென்சிலை என் பக்கம் தள்ளினாள்.

கயிறு அறாது என்று எனக்குச் சொல்ல வரவில்லை.
எழுந்து போய்
திருப்புளியால் பால்கனிக் கைப்பிடியைக் கழற்றினேன்.
நான்கு திருகு. மூன்றாவது துருப்பிடித்து நகரவில்லை.
விளக்கை எடுத்து வந்து
நான் முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.
"தம்பிக் கடனை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே,
அந்தக் கோபம் எந்தத் தேதியிலும் வரும்" என்றாள்.
"வரட்டும்" என்றேன்.

வியாழன் போகலாம் என்றாள். போகவில்லை.
அடுத்த வியாழன் சப்பாத்து போட்டாள்.
மருத்துவமனை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து
ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை தின்றோம்.
பலகையில் இருந்த பெயர்களை எல்லாம்
வாய்க்குள் படித்தாள்.
உள்ளே போகவில்லை.
திரும்பி வந்து லிஃப்டில் நிற்கும்போது
என்னிடம் சாவி இருப்பது தெரிந்தும்
தன் பையில் துழாவி
பத்துத் தெத்ரி எடுத்துப் போட்டாள்.

அடுத்த வியாழனுக்கு இன்னும் மூன்று நாள்.
கைப்பிடி என் கருவிப் பெட்டியில் கிடக்கிறது.
கட்டடம் கட்டடமாக நான் படியேறும்போது
மற்ற இரும்புகளோடு மோதி
அது மட்டும் வேறு மாதிரிச் சத்தம் போடுகிறது.